நான் தாண்டி வாசித்த முப்பத்தோர் இடங்கள்

ஐந்தாவதும் இறுதியுமான புத்தகம் கூரியரில் வந்து சேர்ந்தபோது நான் ஊரில் இல்லை. மல்லசமுத்திரத்தில் என் தங்கை வீட்டில் ஒரு காதுகுத்து. ஐந்து நாள்கள் அங்கே தங்க நேர்ந்தது. ஆறாம் நாள் மாலை நான்கு மணிக்கு, வழக்கம்போல் சட்டைப்பையில் மூக்குக்கண்ணாடியோடு, கொண்டப்பநாயக்கன்பட்டியில் உள்ள அண்ணனின் வீட்டுப் படியேறினேன். உள்ளேயிருந்து யாரோ வாசிக்கும் குரல் கேட்டது. நான் செய்ய வேண்டிய வேலை நான் இல்லாமலே நடந்துகொண்டிருந்தது. செருப்பைக் கழற்றாமல் சிறிது நேரம் படியிலேயே நின்றேன்.

யாருடைய பெயரையும் இங்கே நான் எழுதப் போவதில்லை. எல்லோரும் உயிரோடு இருப்பவர்கள்; நாளையும் அவர்கள் முகத்தில் நான் விழிக்க வேண்டும்.

அண்ணன் என்று அழைக்கிறேனே தவிர, அவர் எனக்கு உறவினர் அல்லர். இருபத்தாறு ஆண்டுகள் நாங்கள் ஒரே லாரியில் ஓட்டுநர்களாக இருந்தோம். சங்ககிரியில் லோடு ஏற்றினால் நாக்பூர், சில வேளைகளில் அதற்கும் அப்பால். நேஷனல் பர்மிட் வண்டிக்கு இரண்டு ஓட்டுநர்கள். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் உறங்கலாம். ஆனால் மதிய உணவுக்குப் பிந்தைய இரண்டு மணி நேரம் மட்டும் இருவருமே விழித்திருக்க வேண்டும் என்பது எங்களுக்குள் இருந்த கட்டுப்பாடு. இரவுத் தூக்கத்தைக் காட்டிலும் கொடியது அந்த வெயில் தூக்கம். மற்ற வண்டிகளில் பாட்டுப் போடுவார்கள். சிலர் பச்சை மிளகாயைக் கடித்துக்கொள்வார்கள். அண்ணனுக்கோ பாட்டு தாலாட்டு ஆகிவிடும். கதை கேட்டால் மட்டுமே விழித்திருப்பார். ஆகவே நான் வாசித்தேன்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். சங்ககிரியில் ஒரு வாடகை நூல்நிலையம் இருந்தது. புறப்படுமுன் அங்கிருந்து தடித்த சரித்திர நாவல் ஒன்றை எடுத்து வருவேன். எஞ்சினின் இரைச்சலுக்கு மேலே கேட்கும்படி, மன்னர்களும் ஒற்றர்களும் பேசுவதையெல்லாம் உரத்த குரலில் வாசிப்பேன். எனக்கு வாய்த்த தமிழ் அவ்வாறு வாய்த்ததே. இன்றும் மெல்லிய குரலில் எனக்கு வாசிக்க வராது.

அந்த வாசிப்புக்கு ஒரு முறை இருந்தது. மலைப்பாதை இறக்கங்களில் கதையை நிறுத்திவிட வேண்டும். தொப்பூர் இறக்கத்தில் கதாநாயகி விஷம் அருந்தினால் ஓட்டுபவரின் கால் பிரேக்கில் தாமதிக்கும். எனவே லோடு ஏறிக்கொண்டிருக்கும்போதே அன்றைய அத்தியாயத்தை முன்கூட்டிப் படித்து, எங்கே நிறுத்துவது, எந்தத் துயரமான இடத்தைத் தாண்டிவிடுவது என்று பென்சிலால் சிறு கோடுகள் இட்டுக்கொள்வேன். கண் ஒரு பக்கத்தை வாசித்துக்கொண்டிருக்க, வாய் அடுத்த பக்கத்துக்குப் போய்விடும் வித்தை எனக்கு அப்படித்தான் கைவந்தது. அண்ணன் அதை ஒருநாளும் கண்டுபிடித்ததில்லை என்று நான் நம்பியிருந்தேன்.

நான் மணம் செய்துகொள்ளவில்லை. அண்ணனுக்கு மனைவி இருந்தார். காலமாகிப் பதினோர் ஆண்டுகள் ஆகின்றன. வண்டியை விட்டு இறங்கிய பிறகு அவர் மகன் வீட்டில் தங்கினார்; நான் இரண்டு தெரு தள்ளி ஓர் அறை எடுத்துக்கொண்டேன். பின்னர் சர்க்கரை நோய் அவர் கண்களைப் பறித்தது. வெளிச்சம் எந்தப் பக்கம் என்பது தெரியும். ஆள் யார் என்பது தெரியாது. அதன் பிறகு மாலை நான்கு மணி என்பது எனக்கு உரிய நேரமாயிற்று. நாள்தோறும் ஒரு மணி நேரம், அவர் கட்டிலிலும் நான் நாற்காலியிலுமாக.

இந்தத் தொடர்நாவல் எங்களிடம் வந்தது ஒரு தவறினால். அண்ணனின் பேத்தி கோயம்புத்தூருக்கு விடுதியில் தங்கிப் படிக்கப் போனபோது அலமாரியில் அதன் முதல் பாகத்தை விட்டுச் சென்றிருந்தாள். அட்டையில் கிரீடமும் குதிரையும் இருந்தன. ராஜா கதை என்று எண்ணி எடுத்தேன். ராஜா கதைதான், ஆனால் நாங்கள் அறிந்த ராஜா கதை அன்று. மழையே பெய்யாத ஒரு நாடு. அந்நாட்டு இளவரசன் உப்பினால் ஆனவன். ஒரு துளி மழை பட்டாலும் கரைந்துவிடுவான் என்பது சாபம். மலையில் மேகங்களை ஆடுகளைப் போல மேய்த்துத் திரியும் ஒருவனை மழை வேண்டி மக்கள் அழைத்து வருகிறார்கள். அந்த மேய்ப்பனும் இளவரசனும் ஒருவரையொருவர் விரும்பத் தொடங்குகிறார்கள். மேய்ப்பன் தன் தொழிலைச் செய்தால் நாடு பிழைக்கும், இளவரசன் அழிவான். செய்யாவிட்டால் நாடு அழியும். ஐந்து பாகங்களுக்கும் இதுவே முடிச்சு.

வறண்ட சீமையில் பிறந்த எங்களுக்கு இந்தக் கதை முதல் அத்தியாயத்திலேயே பிடித்துப்போயிற்று. முதல் பாகத்தின் நூற்று நாற்பதாம் பக்கத்துக்கு வரும்வரை அது காதல் கதை என்பது எனக்கு விளங்கவில்லை. அண்ணனுக்கு வாசிப்பதற்கு முந்தின நாள் என் அறையில் தனியே அமர்ந்து அந்தப் பக்கத்தைப் படித்தேன். மேய்ப்பன் இளவரசனின் கையைப் பற்றித் தன் கன்னத்தில் வைத்துக்கொள்கிறான். அதன் பிறகு இரண்டு பக்கங்கள். படித்து முடித்துவிட்டு வெகுநேரம் எழுந்திருக்காமல் இருந்தேன். பிறகு பென்சிலை எடுத்து, தொடக்கத்தில் ஒரு கோடும் முடிவில் ஒரு கோடும் இட்டேன். மறுநாள் அந்த இரண்டு பக்கங்களும் அண்ணனின் காதுக்குப் போகவில்லை.

நாணத்தினால் அப்படிச் செய்தேன் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மை அன்று. அந்த வரிகளை உரத்த குரலில், அவர் முகத்துக்கு எதிரே அமர்ந்து சொன்னால், அவை புத்தகத்தின் வரிகளாக இரா, என்னுடைய வரிகள் ஆகிவிடும் என்று அஞ்சினேன். நாற்பது ஆண்டுகளாக வாயைக் கட்டிக் காத்துவந்ததை, யாரோ ஓர் இளம் எழுத்தாளர் எழுதிய புத்தகம் வந்து அவிழ்த்துவிடக் கூடாது என்று நினைத்தேன். நான்கு பாகங்களிலும் இவ்வாறு முப்பத்தோர் இடங்களைத் தாண்டினேன். அண்ணன் அவர்கள் இருவரையும் உயிர்க் கூட்டாளிகள் என்றே எண்ணிக் கேட்டுவந்தார்.

நான்காம் பாகம் முடிந்து ஐந்தாவது வருவதற்குப் பதினெட்டு மாதங்கள் பிடித்தன. அத்தனை நாளும் அண்ணனுக்கு ஒரே கேள்விதான். "ஏஞ்சாமி, அவன் நனைவானா மாட்டானா? நீ என்ன நெனைக்கறே?" என்பார். சாமி என்பது என் பெயர் அன்று; எங்கள் பக்கத்தில் அன்பாக அழைக்கும் சொல். நான் ஒரு விதமாகச் சொல்வேன், அவர் மறுப்பார். அந்த வாதத்திலேயே பல மாலைகள் கழிந்தன. அவற்றை நான் பெரிதும் விரும்பினேன்.

இப்போது அந்தப் படிக்குத் திரும்புகிறேன்.

உள்ளே போனேன். என் நாற்காலியில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் அமர்ந்திருந்தார். ஆத்தூர்ப் பக்கத்துக்காரர்; மகள் வீட்டோடு எங்கள் தெருவுக்குக் குடிவந்து ஆறு மாதம் இருக்கும். காலை நடைக்கு அண்ணனின் முழங்கையைப் பிடித்து அழைத்துச் செல்பவரும் அவரே. அந்த முழங்கையைப் பற்றியே எனக்கு ஏற்கெனவே மனத்தாங்கல் இருந்தது. என் முழங்கால் வலி காரணமாக நான் நடைக்குப் போக இயலாது.

"யாரு, சாமியா? வா வா!" என்றார் அண்ணன். "பொஸ்தகம் வந்துருச்சு. கோயமுத்தூர்ல இருந்து பாப்பா அனுப்பிச்சிருக்குது. ரெண்டு நாளா வாத்தியார்தான் வாசிக்கறாரு."

"அப்படீங்களா," என்றேன்.

"உனக்காக ஒரு நாள் காத்துக் கெடந்தேன். அதுக்கு மேல தாங்கல."

ஒரு நாள். பதினெட்டு மாதம் காத்திருக்க முடிந்தவருக்கு, எனக்காக ஒரே ஒரு நாள்தான் முடிந்தது. நான் மற்றொரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அமர்ந்தேன்.

"நீங்கதானா இவ்வளவு நாளா இவருக்குப் படிச்சுக் காட்டினவரு?" என்றார் ஆசிரியர். "நல்ல காரியம் பண்ணியிருக்கீங்க. முன்கதை தெரியாம படிக்கிறது எனக்குப் பழக்கம் இல்ல பாருங்க, அதனால மொதல்ல அந்த நாலு பாகத்தையும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி ரெண்டே நாள்ல முடிச்சுட்டேன்."

அந்த நேரத்தில் என் மனம் வேறோர் இடத்தில் இருந்தது. ஆசிரியரின் பக்கத்தில் முக்காலியின் மீது தட்டுவடை செட் இருந்தது. பீட்ரூட்டும் காரட்டும் துருவிப் போட்டு, இரண்டு சட்னியும் வைத்து. மூன்று ஆண்டுகளாக நான் வாசித்ததற்கு எனக்குக் காபி மட்டுமே வந்திருக்கிறது. அண்ணனின் மருமகள் என் பார்வையைக் கவனித்துவிட்டார்.

"சின்ன மாமாவுக்கும் ஒரு செட்டு வாங்கியாறச் சொல்லட்டுங்களா?"

"வேண்டாம்மா. பல்லு சரியில்லை," என்றேன். என் பற்களில் ஒரு குறையும் இல்லை.

ஆசிரியர் வாசிக்கத் தொடங்கினார். நேர்மையாகச் சொல்ல வேண்டும்: அவர் என்னைவிட நன்றாக வாசித்தார். இளவரசனுக்கு ஒரு குரல், மேய்ப்பனுக்கு ஒரு குரல். எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தினார். நான் கத்துகிற இடத்தில் அவர் குரலைத் தாழ்த்தினார். அண்ணன் கழுத்தை முன்னே நீட்டிக் கேட்டார். எனக்கு முன்னால் அவர் ஒருநாளும் அப்படிக் கழுத்தை நீட்டியதில்லை. அதற்கு அவசியமே இருந்ததில்லை. எழுத்துகளைத் தவிர வேறு எதையும் நான் அவருக்குத் தந்ததில்லையோ என்ற எண்ணம் அந்தக் கணத்தில் எழுந்தது. இளவரசன் ஏதோ வேடிக்கையாகச் சொன்னான். அண்ணன் குலுங்கிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

நடுவே அண்ணன் கையை உயர்த்தி வாசிப்பை நிறுத்தினார்.

"ஏஞ்சாமி, உங்கிட்ட ஒண்ணு கேக்கோணும்னு இருந்தேன். நாலாவது பொஸ்தகம் வரைக்கும் இவிய ரெண்டு பேரும் கூட்டாளிக. அஞ்சாவதுல பாத்தா புருசன் பொண்டாட்டியாட்டம் இருக்கறாங்க! எப்ப அப்படி ஆனாங்கன்னே எனக்குத் தெரியல. உனக்குத் தெரியுமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஆசிரியர் அடுத்த பத்தியைப் படித்தார். தெரிந்தே படித்தாரா, தெரியாமலா என்பதை நான் இன்னும் அறியேன். குகையில் கழிந்த அந்த இரவை இளவரசன் நினைத்துப் பார்த்தான் என்று அந்தப் பத்தி தொடங்கியது.

"எந்தக் குகைங்க?" என்றார் அண்ணன். "குகைன்னு ஒண்ணு வரவே இல்லியே."

"மூணாம் பாகத்துல வருதே. ஏழெட்டுப் பக்கத்துக்கு," என்று சொல்லத் தொடங்கிய ஆசிரியர் சட்டென்று நிறுத்தி என்னைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது: அந்த நான்கு பாகங்களையும் இவர் வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார். என் பென்சில் கோடுகள் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். எங்கெங்கே என் வாய் அடைத்துப்போயிற்று என்பதற்கான முழு வரைபடமும் இந்த மனிதரின் கையில் இரண்டு நாள் இருந்திருக்கிறது.

"புதுப் புத்தகத்துல மூணு நாலு தாள் சேர்ந்து ஒட்டிக்கிட்டிருக்கும்," என்றார் ஆசிரியர், மிக இயல்பாக. "ஒண்ணா சேர்த்துத் திருப்பியிருப்பாரு. எனக்கே பாடம் நடத்தறப்ப ஆகியிருக்கு."

"ஒட்டியிருந்துச்சா சாமி?" என்றார் அண்ணன்.

"ஆமாங்கண்ணா. ஒட்டித்தான் இருந்துச்சு," என்றேன்.

அன்று வாசிப்பு முடிந்ததும் ஆசிரியர் என்னோடு தெருமுனை வரை நடந்து வந்தார். ஏற்காடு மலைக்கு ஏறும் பேருந்து ஒன்று எங்களைக் கடந்து சென்ற பிறகு மெதுவாகப் பேசினார்.

"கோடெல்லாம் பார்த்தேங்க. வேணும்னா சொல்லுங்க, அழிச்சுடறேன். என்கிட்ட நல்ல ரப்பர் இருக்கு."

"தொடாதீங்க," என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

"தப்பா சொல்லல. நாற்பது வருஷம் பொம்பளைப் பிள்ளைங்களுக்குக் காதல் பாட்டு நடத்தினவன் நான். நாங்களும் சில பாட்டைத் தாண்டிக்கிட்டுத்தான் போவோம். தேர்வுக்கு வராதுன்னு சொல்லிடுவோம்." சிரித்தார். "மத்தபடி எனக்கு ஆணும் ஆணும், ஆணும் பொண்ணும், எல்லாம் ஒண்ணுதான். காதல்னா காதல்."

அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ எளிதாக இருந்திருக்கும். அறைக்கு வந்து, சோறு வடித்து, அதை உண்ணாமல் மூடி வைத்தேன். அவருடைய குரலுக்காகப் பொறாமைப்பட்டேன். அவர் படித்த படிப்புக்காகவும் பட்டேன். இவற்றையெல்லாம் விட என்னைக் குடைந்தது வேறொன்று. எனக்கும் அண்ணனுக்கும் நடுவே இருந்த மிகப் பெரிய ரகசியத்தை மூடிப் பாதுகாக்கும் பொய் இப்போது அந்த மனிதர் கொடுத்ததாக ஆகிவிட்டது. இனி நான் அண்ணனின் எதிரே அமரும் ஒவ்வொரு நாளும் அவருடைய தயவில் அமர வேண்டும். வாசகர்கள் என்னை நேர்மையானவன் என்று எண்ணிவிட வேண்டாம். மறுநாள் நான் உண்மையைச் சொல்லத் துணிந்தது நேர்மையினால் அன்று. அந்தப் பொய்யில் ஒண்டுக் குடித்தனம் இருக்க என் பொறாமை இடங்கொடுக்கவில்லை.

மறுநாள் நான்கு மணி வரை காத்திருக்கவில்லை. காலை பதினொரு மணிக்கே போனேன். அண்ணன் கட்டிலில் அமர்ந்து, மடியில் முறத்தை வைத்துக்கொண்டு, பச்சை நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். கண் இல்லாவிட்டாலும் அந்த வேலையில் அவர் விரல்கள் தடுமாறுவதில்லை.

"அண்ணா, தாளு ஒட்டலீங்க," என்றேன்.

அவர் உரிப்பதை நிறுத்தவில்லை. "எனக்குத் தெரியாதா?" என்றார்.

நான் நாற்காலியில் அமர்ந்தேன்.

"இருவத்தாறு வருசம் பக்கத்துல உக்காந்து கேட்டவன். இந்தக் கதையில மட்டும் அங்கங்க நீ மூச்சை இழுத்துப் புடிப்ப. அதுக்கப்பறம் கதை ஒரு குலுக்கு குலுங்கும். நான் என்னமோ உனக்கு இளைப்பு வந்துருச்சுன்னு நெனச்சு, ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போச் சொல்லி மருமவகிட்ட ரெண்டு தடவ சொல்லியிருக்கறேன்."

"மன்னிச்சுக்குங்க."

"எத்தனை எடம்?"

"முப்பத்தொண்ணுங்க."

கையிலிருந்த கடலை முறத்தில் விழுந்தது. "முப்பத்தொண்ணா! அடப்பாவி! அப்பறம் நான் கேட்டது என்ன கதைடா?" அவருக்கு உண்மையாகவே கோபம் வந்திருந்தது. அவர் என்னை டா போட்டுப் பேசுவது ஆண்டுக்கு ஒருமுறை நடந்தால் அதிகம். "மூணு வருசமா உக்காந்து உக்காந்து கேட்டேன். இவனுக ரெண்டு பேரும் எதுக்கு இந்தப் பாடு படறானுக, ஒருத்தன் போனா இன்னொருத்தன் எதுக்கு இப்படி அழுவறான்னு எனக்குள்ளயே யோசிச்சிட்டுக் கெடந்தேன். ஏன் வாசிக்கல? சொல்லு."

"இறக்கத்துல வாசிக்கறதில்லைங்கறது நம்ம பழக்கம்தானுங்களே," என்றேன்.

"வண்டி எங்க ஓடுது? நான் ஊட்டுக்குள்ள கட்டில்ல உக்காந்து கடலை உரிச்சிட்டிருக்கறேன்."

சமையலறையில் குக்கர் மூன்று முறை கூவி அடங்கியது. கடைசியில், நான் சொல்ல வந்ததற்குச் சற்றும் தொடர்பில்லாத ஒன்றைச் சொன்னேன்.

"வாத்தியார் வாசிக்கறது எனக்குக் கஷ்டமா இருக்குதுங்க."

"எதுக்கு? நல்லாத்தானே வாசிக்கறாரு."

"அதனாலதானுங்க."

அண்ணன் தலையைச் சாய்த்து, என் குரல் வந்த திசையில் முகத்தை வைத்துக்கொண்டார். கோபம் இறங்கியதை அவர் தோள்களில் கண்டேன்.

"பொறாமையா?" என்றார்.

"ஆமாங்க."

"வாத்தியார் மேலயா?"

"அவரு மேலயும்; நீங்க அவரு கையப் புடிச்சிட்டு நடக்கறது மேலயும்; அந்தத் தட்டுவடை மேலயும்."

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. முறத்தை எடுத்துக் கட்டிலின் மறுபுறம் வைத்தார். "மூணாவது பொஸ்தகத்த எடு. அந்தக் குகைய வாசி," என்றார். "ஒரு எழுத்து உடக் கூடாது."

எடுத்தேன். கோடு இட்ட இடத்தைக் கண்டுபிடித்து, நாற்காலியை வழக்கத்தைவிடச் சற்று அருகே இழுத்துக்கொண்டேன். மலைக்குகையில் எதிர்பாராமல் மழை பிடித்துக்கொள்கிறது. கூரையின் வெடிப்பில் நீர் ஒழுகுகிறது. மேய்ப்பன் இளவரசனின் மேல் கவிந்து, இரவு முழுவதும் தன் முதுகில் மழையை வாங்கிக்கொள்கிறான். விடிந்ததும், உதடு கரையும் என்று தெரிந்தே, இளவரசன் அவனுடைய ஈர உதட்டில் முத்தமிடுகிறான். உப்புக் கரிக்கிறது என்கிறான் மேய்ப்பன். அது நான்தான் என்கிறான் இளவரசன்.

உரத்த குரலில் அதை வாசிக்க இயலவில்லை. வாழ்நாளில் முதன்முறையாகத் தாழ்ந்த குரலில் வாசித்தேன். இரண்டு இடங்களில் தடுமாறினேன். அண்ணன் கழுத்தை முன்னே நீட்டவில்லை, அசையாமல் இருந்தார். முடித்ததும் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டேன்.

"இதையா தாண்டுன?" என்றார்.

"ஆமாங்க."

"இதுதாண்டா கதைக்கு எஞ்சினு. எஞ்சினக் கழட்டி வெச்சுட்டு, பின்னாடி நின்னு தள்ளித் தள்ளி எனக்கு ஓட்டிக் காட்டியிருக்கற." வேட்டியில் ஒட்டியிருந்த கடலைத் தோலைத் தட்டிவிட்டார். "வாத்தியார் நல்லாத்தான் வாசிக்கறாரு. ஆனா அவருக்கு மூச்சு வாங்கறதில்ல."

இதன் பொருள் என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவரும் சொல்லியிருக்க மாட்டார்.

ஆயினும் ஐந்தாம் புத்தகத்தை அவர் எனக்குத் தரவில்லை. நான் கேட்டேன். "அவரு ஆரம்பிச்சாரு, அவரே முடிக்கட்டும். நல்ல மனுசனப் பாதி வழியில எறக்கி உட முடியுமா?" என்றார். "நீ காத்தால வா. மிச்சம் முப்பது இருக்குதல்ல, ஒரு நாளைக்கு ஒண்ணு. அவசரம் வேண்டாம்."

ஆகவே காலையில் நான் வாசித்தேன். மாலையில் ஆசிரியர் வாசித்தார். மாலையில் நான் போகாமல் இருந்திருக்கலாம். போனேன். அவர் சிரிக்க வைக்கும்போதெல்லாம் அண்ணனின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, ஓரமாக அமர்ந்திருந்தேன். அந்தத் தொடரின் முடிவை நான் அறிந்ததும் ஆசிரியரின் வாய்வழியாகத்தான். இளவரசன் தானே வாசலுக்கு வந்து, மழையை இறக்கச் சொல்லி மேய்ப்பனிடம் கேட்கிறான். மழை இறங்குகிறது. உப்பெல்லாம் கரைந்து ஓட, உள்ளே சாதாரண மனிதன் ஒருவன் நிற்கிறான். குளிரில் நடுங்கி, தும்முகிறான். அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அருமையா வாசிச்சீங்க வாத்தியாரே," என்று அவர் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். பதினெட்டு மாதம் நாங்கள் இருவரும் வாதித்த கேள்விக்கு விடை கிடைத்த நேரத்தில் அந்தக் கைகள் கூப்பப்பட்டது வேறு திசையில். அன்றும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் ஆசிரியரின் புத்தகம் ஒன்பது நாளில் முடிந்துபோயிற்று. என்னுடையது முடியவில்லை. இளவரசன் பிழைத்துவிட்டான் என்பது தெரிந்த பிறகும், அவனும் மேய்ப்பனும் முதன்முதலில் கைபற்றிய பக்கத்தையும், ஊடிப் பிரிந்த பக்கத்தையும், ஆற்றங்கரையில் பேசாமல் அமர்ந்திருந்த பக்கத்தையும் அண்ணன் நாள்தோறும் கேட்டார். சில நாள்களில் வாசித்ததையே மீண்டும் வாசிக்கச் சொன்னார். மருமகள் வாசற்கால் அருகே நின்று கேட்டுவிட்டு, "இது காதல் கதைன்னு பாப்பா முன்னமே சொல்லியிருக்குதுங்க சின்ன மாமா. உங்களுக்குத்தான் தெரியாம இருக்குமோன்னு நாங்க பேசாம இருந்தோம்," என்றார்.

முப்பத்தொன்றாவது இடம் நெருங்க நெருங்க, இன்னும் பல பக்கங்களைத் தாண்டியிருக்கலாமே என்று வருந்தத் தொடங்கினேன். கோடுகள் தீர்ந்த நாளின் மறுநாளும் பதினொரு மணிக்குப் போனேன். நான்காம் பாகத்தை எடுத்து மடியில் விரித்தேன். அதில் எழுதியிராத ஒன்றை வாசித்தேன்.

அது முந்தின நாள் என் அறையில் நானே எழுதியது. பக்கத்து மலையிலிருந்து வேறொரு மேய்ப்பன் வருகிறான். அவன் மேகங்களை இனிய குரலில் அழைக்கிறான். அவையும் ஓடி வருகின்றன. இளவரசன் அந்தக் குரலைக் கேட்டுச் சிரிக்கிறான். நம் மேய்ப்பனுக்கோ கத்தி அழைக்க மட்டுமே தெரியும். அவன் ஒன்பது நாள் சோறு இறங்காமல் ஒரு பாறையின் பின்னால் கிடக்கிறான். அங்கிருந்தபடியே, தான் இத்தனை காலமும் மேகங்களை ஓட்டிக்கொண்டு வந்தது நாட்டுக்காக அன்று, அந்த ஒருவனின் வாசலுக்கு வர ஒரு காரணம் வேண்டும் என்பதற்காகவே என்று உணர்கிறான்.

வாசித்து நிறுத்தினேன்.

"இது எந்தப் பொஸ்தகம்?" என்றார் அண்ணன்.

"நாலாவதுங்க."

"எத்தனாவது பக்கம்?"

நான் ஒரு தாளைப் புரட்டினேன்.

"அந்தப் பக்கத்து மலைக்காரன்," என்று அவர் யோசித்துக் கேட்டார், "ஆத்தூர்க்காரனா?"

என் முகம் சூடேறியது. அதை அவர் பார்க்க முடியாது என்பது சிறு ஆறுதலாக இருந்தது. அவர் என் பக்கமாகக் கையை நீட்டிப் புத்தகத்தைத் தேடினார். விரித்திருந்த பக்கத்தின் மேல் உள்ளங்கையைப் பரப்பி வைத்துக்கொண்டார், எழுத்துகள் அங்கே இருக்கின்றனவா என்று தொட்டுப் பார்ப்பவரைப் போல.

"அப்பறம்?" என்றார். "அவன் சோறு தின்னானா இல்லியா?"

"இன்னும் எழுதலீங்க," என்றேன்.

அவர் சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "ஏ அம்மணி, இன்னிக்கு உலையில ரெண்டு கை சேத்திப் போடு. சாமி இங்கதான் சாப்படறான்."